கடல் கடக்கும் மின்சாரமும் அதற்குரிய சட்டமும்



புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில், களப்பின் கரையோரம் நின்று மேற்கே நோக்குவோர்க்கு நீர்ப்பரப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பம் தோன்றும். அதன் மேற்குக் கரையிலே நுரைச்சோலை இருக்கிறது. 2011ஆம் ஆண்டில் முதலாவது இயந்திரம் இயங்கத் தொடங்கி, 2014இல் முழுமை பெற்ற அந்த அனல்மின் நிலையத்தின் ஆற்றல் 900 மெகாவாட். இயந்திரங்கள் மூன்று; ஒவ்வொன்றும் 300 மெகாவாட் தருவது. ஆயினும் தில்லையடியில் ஒரு வீட்டு விளக்கை எரிப்பது நுரைச்சோலையின் நிலக்கரியா, லக்சபானவின் நீர்வீழ்ச்சியா, மன்னாரின் காற்றா என்று வினவினால், மின்சார சபையின் தலைசிறந்த பொறியியலாளரும் விடை கூறமாட்டார். குளத்தில் விழுந்த மழைத்துளியைத் திரும்பப் பொறுக்கியெடுக்க இயலாததுபோல, கம்பிக்குள் புகுந்த மின்சாரத்தைப் பிரித்தறிய இயலாது.

ஒரு நாட்டுக்குள்ளே இதனால் இடர்ப்பாடு எதுவும் இல்லை. சட்டம் ஒன்று, மின்சார சபை ஒன்று, கட்டணப் பட்டியலும் ஒன்று. ஆனால் அந்தக் கம்பி கடலைக் கடந்து மறுநாட்டுக் கம்பியுடன் இணையுமாயின், அதுவரை யாரும் கேளாத வினாக்கள் எழுகின்றன. விற்றவர் யார், வாங்கியவர் யார்? எந்த இடத்தில் அது கைமாறியது? வழியில் குறைந்துபோனதற்குப் பொறுப்பாளி யார்? பிணக்கு எழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? இந்தியாவின் மின்வலையையும் இலங்கையின் மின்வலையையும் இணைக்கும் திட்டத்தை முன்வைத்து இவ்வினாக்களைச் சற்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தில்லையடி என்று நான் சொன்னதும் கடலுக்கு அப்பால் இருந்து இவ்வொலிபரப்பைக் கேட்கும் நேயர்கள் வேறோர் ஊரை நினைத்திருப்பார்கள். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அந்தத் தில்லையடி, தென்னாபிரிக்க அறப்போரில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். ஒரே பெயருடைய ஊர்கள் இருகரையிலும் இருப்பதில் வியப்பில்லை. மரமும் ஒன்று, மொழியும் ஒன்று. எல்லைக்கோடுதான் இரண்டாக்குகிறது.

இணைப்புத் திட்டம் நேற்றுத் தோன்றியதன்று. 2002ஆம் ஆண்டில் இது பற்றிய முன்னாய்வு ஒன்று நடைபெற்றது. 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரு அரசுகளும், இலங்கை மின்சார சபையும், இந்தியாவின் பவர் கிரிட் கூட்டுத்தாபனமும் சேர்ந்து சாத்தியவள ஆய்வுக்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அப்போது பேசப்பட்ட திட்டம் மதுரையிலிருந்து அநுராதபுரம் வரை ஏறத்தாழ 285 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் கடலடியில் செல்வது ஏறத்தாழ 50 கிலோமீற்றர். முதலில் 500 மெகாவாட், பின்னர் 1,000 மெகாவாட் என்று கணக்கிட்டார்கள். அதன்பின் முனையிடங்களும் அளவுகளும் பலமுறை மாறின. 2023 யூலையில் இருநாட்டுத் தலைவர்கள் தில்லியில் வெளியிட்ட கூட்டறிக்கையில் இது மீண்டும் இடம்பெற்றது. 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பில், மின்சாரத்தை இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்வதற்கான இணைப்புப் பற்றிப் புதிய புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது.

முன்னாய்விலிருந்து இந்தக் கைச்சாத்துவரை கழிந்தவை இருபத்து மூன்று ஆண்டுகள். பாக்குநீரிணைப் பகுதியோ பெருங்கடலன்று. அதன் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. இதைவிட ஆழமும் அகலமும் மிக்க கடல்களின் அடியிலே உயரழுத்த நேரோட்டக் கம்பிகள் எத்தனையோ கிடக்கின்றன. பிரான்சையும் இங்கிலாந்தையும் இணைத்த முதற்கம்பி 1961ஆம் ஆண்டிலேயே போடப்பட்டுவிட்டது. ஆகவே பொறியியல் நம்மைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வதற்கில்லை. பணம் ஒரு தடை என்பது உண்மை. ஆனால் எந்த விதிகளின்படி மின்சாரம் போய்வரும் என்பது தெளிவுபடாதவரை பணம் போடுவோரும் முன்வரமாட்டார்கள்.

நேரோட்டம் என்ற சொல்லை விளக்கவேண்டும். நம் வீடுகளுக்கு வருவது ஆடலோட்டம். நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாகச் சென்று திரும்புவது. இந்தியாவிலும் அதே ஐம்பதுதான். இருப்பினும் இரு வலைகளையும் ஆடலோட்டத்தால் நேரே கட்டிவிட்டால், இந்தியாவின் பெருவலை அசையும்போதெல்லாம் நம் சிறுவலையும் அதனோடு அசையும். கடலடிக் கம்பியிலே ஆடலோட்டம் வீணாவதும் அதிகம். அதனால் ஒரு கரையில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றி, மறுகரையில் மீண்டும் ஆடலோட்டமாக்குகிறார்கள். இரண்டு குளங்களுக்கு நடுவே மதகு வைப்பதைப் போன்றது இது. எவ்வளவு நீர் எத்திசையில் செல்லவேண்டும் என்பது மதகை ஆள்பவர் கையில் இருக்கிறது. மதகு யார் கையில் என்பதை எழுதிவைப்பதே சட்டத்தின் வேலை.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் பாக்குநீரிணைப் பகுதியில் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன. அந்த உடன்படிக்கையிலே, எல்லைக்கோட்டின் இருபுறமும் பரந்து கிடக்கும் எண்ணெய்ப் படுகையோ எரிவாயுப் படுகையோ கண்டுபிடிக்கப்பட்டால் அதை எவ்வாறு பயன்படுத்துவது, வருவாயை எவ்வாறு பங்கிடுவது என்று இரு நாடுகளும் பேசி முடிவு காணவேண்டும் என ஒரு பிரிவு உண்டு. மணலும் சரளையுங்கூட அப்பிரிவில் குறிப்பிடப்பட்டன. மின்சாரம் குறிப்பிடப்படவில்லை. எழுதியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கடலுக்கடியில் கிடைப்பதைப் பற்றி எண்ணினார்களேயன்றி, கடலுக்கடியில் செல்வதைப் பற்றி எண்ணவேண்டிய தேவை அன்று எழவில்லை.

உலகளாவிய கடற்சட்டத்தில் கம்பிகளுக்கு இடமுண்டு. கடலடித் தந்திக் கம்பிகளைக் காப்பதற்கென்று 1884இலேயே பாரிசில் ஒரு சமவாயம் செய்தார்கள். அதன் சாரம் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்திலும் சேர்ந்தது. அச்சமவாயத்தை இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் ஏற்றுக்கொண்டன. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கம்பியை அறுப்பவரைத் தண்டிக்க ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றவேண்டும் என்கிறது 113ஆவது பிரிவு. மீனவர் கவனிக்கவேண்டியது 115ஆவது பிரிவு. கடலடிக் கம்பிக்குச் சேதம் வராமற் காப்பதற்காக ஒருவர் தமது நங்கூரத்தையோ வலையையோ வெட்டிவிட நேர்ந்தால், அவர் முன்கூட்டியே வேண்டிய எச்சரிக்கையோடு நடந்திருந்தால், கம்பியின் சொந்தக்காரர் அந்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் தந்திக் கம்பிக்காக எழுதப்பட்ட நியாயம் இது.

ஆனால் இந்த நியாயம் நம் மன்னார் மீனவருக்குத் தானாக வந்துசேராது. அந்தப் பிரிவுகள் திறந்த கடலை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பாக்குநீரிணைப் பகுதியிலோ எல்லைக்கோட்டின் இருபுறத்து நீரும் அந்தந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்டது. அங்கே நட்டஈடு கொடுப்பதா இல்லையா, எத்தனை மீற்றர் அகலத்துக்கு நங்கூரமிடத் தடை, எந்தப் பாடு மூடப்படும் என்பனவெல்லாம் இரு நாடுகளும் தத்தம் சட்டத்தில் எழுதவேண்டியவை. அடிமடி இழுவையை இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டிச் செல்வது பற்றி வடகரை மீனவர் ஓயாது முறையிட்டே வருகின்றனர். அந்த இழுவை மடியின் இரும்பு கம்பியில் மாட்டினால் கம்பிக்கும் கேடு, படகுக்கும் கேடு. ஆகவே கம்பியை மணலுக்குள் புதைத்தே ஆகவேண்டும். புதைத்த ஆழத்தை ஆண்டுதோறும் சோதிப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதியே ஆகவேண்டும்.

கம்பி கரையேறப்போவது மன்னார்ப் பக்கம். புத்தளத்துக்கு அது அயல் மாவட்டம். தில்லையடியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழ்வோரில் பலர் 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களும் அவர்தம் மக்களுமே. அவர்களுள் மன்னாரைப் பிறந்த மண்ணாகக் கொண்டோரும், அங்கு இன்றும் காணியுள்ளோரும் உண்டு. நிலத்தின் மேலாகக் கோபுரங்கள் நிறுத்தப்படும்போது காணி உரிமை, நட்டஈடு, கடவுரிமை என்ற வினாக்கள் எழும். உரியவர் ஊரில் இல்லாத காணியில் கோபுரம் நிற்குமாயின் அறிவித்தல் எங்கே ஒட்டப்படும்? இதற்கு அனைத்துலகச் சட்டம் எதுவும் தேவையில்லை. நம் நாட்டு நிருவாகம் கண் திறந்திருந்தாற் போதும்.

இனி வணிகத்துக்கு வருவோம். மின்சாரம் ஒரு பண்டமா, சேவையா என்பதே சட்டத்தார் நெடுங்காலம் விவாதித்த விடயம். தேங்காயைப்போல எடைபோட முடியாது; குவித்து வைக்கவும் இயலாது; உண்டாக்கிய கணத்திலேயே யாரோ ஒருவர் அதைச் செலவழித்தாக வேண்டும். இருந்தும் ஐரோப்பிய நீதிமன்றம் 1994ஆம் ஆண்டில் அது பண்டமே என்று தீர்ப்பளித்தது. சுங்கத்தாரின் அனைத்துலக அட்டவணையிலும் 2716 என்ற எண்ணின்கீழ் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அதைப் பதிவதும் பதியாது விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று விட்டிருக்கிறார்கள். சுங்க அதிகாரிக்கும் அது கையிற் பிடிபடவில்லை போலும்!

மின்சாரம் ஒரு நாட்டினூடாக மற்றொரு நாட்டுக்குச் செல்வது பற்றி அக்காலச் சர்வதேச சங்கம் 1923ஆம் ஆண்டிலேயே செனீவாவில் ஒரு சமவாயம் வகுத்தது. நமது தெற்காசியாவில் அதுபோன்ற பொதுவிதி பிறக்க 2014 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மாதம் காத்மண்டுவில் கூடிய சார்க் மாநாட்டில், மின்சாரத் துறையில் ஒத்துழைப்புக்கான சட்டக உடன்படிக்கை கைச்சாத்தானது. மின்சாரத்துக்கு ஏற்றுமதி இறக்குமதித் தீர்வை விதிக்காதிருப்பது, மின்வலைகளில் பாகுபாடின்றி இடமளிப்பது போன்ற நல்ல கொள்கைகள் அதில் உள்ளன. எனினும் ஒவ்வொரு கொள்கையின் முன்னும் பின்னும் அந்தந்த நாட்டுச் சட்டங்களுக்கு அமைய என்ற வாசகம் காவல் நிற்கிறது. ஆகவே உண்மையான விதிகளை அறிய அந்த உடன்படிக்கையை மட்டும் படித்துப் பயனில்லை. இந்தியாவின் விதிகளைப் படிக்கவேண்டும். பூட்டானும் நேபாளமும் பங்களாதேசமும் தொடுவது இந்திய வலையைத்தான், ஒன்றையொன்று தொடுவதில்லை. நாம் தொடப்போவதும் அதனையே.

இந்தியா 2016 டிசெம்பரில் எல்லை கடந்த மின்வணிகத்துக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அவை மிக இறுக்கமானவை என்று அயல் நாடுகள் முறையிட்டன. 2018 டிசெம்பரில் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. இந்திய வலையினூடாக மூன்றாம் நாட்டுக்கு மின்சாரம் செல்லவும் வழி பிறந்தது. 2019இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளும், 2021இல் நடைமுறைக் கட்டளைகளும் தொடர்ந்தன. இவற்றுள் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. இந்தியாவுடன் நில எல்லை உடையதாயும், இந்தியாவுடன் மின்துறை உடன்படிக்கை இல்லாததாயும் உள்ள மூன்றாம் நாட்டவர்க்குச் சொந்தமான நிறுவனம் இந்த வணிகத்தில் தடையின்றிப் பங்குகொள்ள இயலாது. நாட்டின் பெயர் விதியில் இல்லை; ஆயினும் எந்த நாடு என்பதை யாரும் அறிவர்.

நேபாளத்தின் அனுபவம் இதற்கு விளக்கவுரை. 2021 நவம்பரில் இந்தியச் சந்தையில் தன் மின்சாரத்தை விற்க நேபாளத்துக்கு முதல் அனுமதி கிடைத்தது. அளவு 39 மெகாவாட். திரிசூலி, தேவிகாட் என்னும் இரண்டு நிலையங்களின் மின்சாரம் அது. இரண்டும் இந்திய உதவியாற் கட்டப்பட்டவை. பின்னர் அனுமதி பெருகியது. எனினும் நிலையம் நிலையமாகவே அனுமதி பெறவேண்டும். சீனக் கம்பனிகள் முதலீட்டாளராகவோ ஒப்பந்தக்காரராகவோ இருந்த நிலையங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்பது நேபாளத்தவரின் முறைப்பாடு. தொடக்கத்தில் நான் கூறியதை இங்கே நேயர்கள் நினைவுகூர வேண்டுகிறேன். கம்பிக்குள் புகுந்த மின்சாரத்துக்கு ஊர் இல்லை, குலம் இல்லை. இயற்கை அதைப் பிரித்தறியாது. காகிதம் பிரித்தறிகிறது.

இப்போது நுரைச்சோலையை நோக்குவோம். அது இலங்கையின் பொதுச்சொத்து. ஆனால் சீனத்தின் கடனில், சீனக் கம்பனியால் கட்டப்பட்டது. நாளை இரவு மிஞ்சிய மின்சாரத்தை நாம் மதுரைக்கு அனுப்புகையில், அந்நேரம் நம் வலையை நிரப்பிக்கொண்டிருப்பது நுரைச்சோலையாக இருந்தால் அந்த மின்சாரம் ஏற்கப்படுமா? சொந்தமுடைமையைத்தான் பார்ப்பார்களா, கட்டியவரையும் பார்ப்பார்களா? என் கருத்தில், கம்பி போட ஒரு சதமேனும் செலவழிக்குமுன் விடைபெறவேண்டிய வினா இது. இலங்கையின் மின்சாரம் முழுவதையும் ஒரே மின்சாரமாகக் கொள்ளவேண்டும், நிலையம் நிலையமாகப் பிரித்துக் கேட்கலாகாது என்று ஒரு வாசகத்தை உடன்படிக்கையிற் சேர்த்துவிட்டால் முடிந்துபோகும். சேர்க்காவிட்டால் இருவழிப் பாதை ஒருவழிப் பாதையாகிவிடும். வாங்குவதற்கு மட்டுமே கம்பி என்றாகிவிடும்.

விற்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று சிலர் நகைப்பதுண்டு. காற்று இருக்கிறது. கற்பிட்டியிலும் மாம்புரியிலும் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னார்த் தீவில் தம்பபவனி என்னும் 103.5 மெகாவாட் காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. நமக்குச் சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களிலேயே தமிழகத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்று வீசுகிறது. இரு கரைக்கும் கடிகாரமும் ஒன்றே. ஒரே பருவத்தில் இருவரிடமும் விளைச்சல் மிகுந்தால் சந்தையில் விலை வீழும் என்பதை நெல் விளைவிப்போர் அறிவர். காற்று நிறைந்த மாதத்தில் நமது கூடுதல் மின்சாரத்துக்குக் குறைந்தபட்ச விலை உண்டா, இன்றேல் அன்றன்று ஏலத்தில் வரும் விலைதானா என்பதும் உடன்படிக்கையில் இருக்கவேண்டிய செய்தி.

விலையைக் காட்டிலும் முக்கியமானது கெட்ட நாளுக்குரிய விதி என்று நான் கருதுகிறேன். நல்ல நாளில் எந்த ஒப்பந்தமும் நன்றாகவே நடக்கும். 2003 செப்தெம்பர் 28ஆம் நாள் அதிகாலை, சுவிற்சர்லாந்தில் ஒரு மரத்தின் அருகே மின்தடம் ஒன்று அறுந்தது. சற்று நேரத்தில் இத்தாலி ஏறத்தாழ முழுவதும் இருண்டது. இறக்குமதி மின்சாரத்தைப் பெரிதும் நம்பி இத்தாலி உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நம் நாட்டிலும் 2025 பெப்ருவரி 9ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதென்று கூறப்பட்ட சிறு நிகழ்ச்சி நாட்டையே இருளாக்கியது. விடுமுறை நாளாதலால் தேவை குறைவு. வெயிலில் கூரைச் சூரியப் பலகைகள் நிறைய வழங்கின. கனத்த இயந்திரங்கள் குறைவாகச் சுழன்றமையால் வலைக்கு அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் இல்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் முழுமையாக இயக்கச் சில நாட்கள் பிடித்தன. களப்புக்கு அப்பால் நிலையத்தை வைத்துக்கொண்டு தில்லையடியும் இருட்டில்தான் இருந்தது.

300 மெகாவாட் இயந்திரம் ஒன்று திடீரென நின்றாலே தடுமாறும் வலையில், 500 மெகாவாட் கம்பி ஒன்று ஒரே நொடியில் அறுந்தால் என்னவாகும்? நம் நாட்டின் உச்சத்தேவை ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மெகாவாட் வரையே. இந்தியாவின் உச்சத்தேவை 2024 மேயில் 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அவர்களுக்கு இக்கம்பி ஒரு நூல். நமக்கு அது தாம்புக்கயிறு. எவ்வேளையில் எத்தனை மெகாவாட்டுக்கு மேற் கம்பியில் ஏற்றலாகாது என்று முடிவுசெய்யும் அதிகாரம் நம் வலையை ஆள்வோரிடமே இருக்கவேண்டும். அதே வேளையில் நாடு இருண்டுபோனால், மீண்டும் ஒளியேற்ற மறுகரையிலிருந்து முதல் மின்சாரம் பெறும் உரிமையையும் கேட்டுப் பெறவேண்டும். ஏற்ற வகையான மாற்றி நிலையத்தை அமைத்தால் கடலடிக் கம்பி அவ்வாறு உதவும். ஆனால் அந்த உதவிக்கு என்ன விலை, யார் கேட்டால் எத்தனை நிமிடத்தில் தரவேண்டும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், இருட்டில் தொலைபேசியை எடுத்துக் கெஞ்சவேண்டியதுதான்.

கெட்ட நாளில் இன்னொரு வகையும் உண்டு, பணமில்லா நாள். இந்தியாவின் கொட்டா நிலையத்திலிருந்து பங்களாதேசத்துக்கு மின்சாரம் வழங்க அதானி நிறுவனம் 2017இல் ஒப்பந்தம் செய்தது. 2023இல் வழங்கல் தொடங்கியது. நிலுவை பெருகியதால் 2024 ஒக்டோபர் இறுதியில் வழங்கல் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கடன்பட்டவர் கொடுக்கவேண்டும், கொடுத்தவர் கேட்கவும் வேண்டும். ஆனால் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் ஒளிபெறும் பண்டத்தைத் துணிக்கடைச் சரக்கைப்போல ஒரு நாளில் நிறுத்திவிடலாமா? எத்தனை நாள் முன்னறிவித்தல், எவ்வளவு குறைக்கலாம், இதற்குமேற் குறைக்கலாகாது என்ற கீழ்வரம்பு என்ன என்பவற்றை ஒப்பந்தமே கூறவேண்டும். 2022ஆம் ஆண்டில் டொலர் இன்றி, எரிபொருள் இன்றி, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்த நாட்டு மக்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்று கம்பி இருந்திருந்தால் ஒளி இருந்திருக்குமா? கம்பியின் மறுமுனையிலும் டொலரே கேட்டிருப்பார்கள். இந்திய ரூபாயிற் கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால் ஒருவேளை இருந்திருக்கலாம்.

இவ்வளவையும் ஓர் உடன்படிக்கையில் எழுதிவிட்டால் அது உடனே நாட்டின் சட்டமாகிவிடுமா? ஆகாது. அனைத்துலக உடன்படிக்கையில் அரசு கைச்சாத்திட்ட மாத்திரத்தில் அது உள்நாட்டுச் சட்டமாவதில்லை, பாராளுமன்றம் சட்டமியற்றியாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் சிங்கராசா வழக்கில் நமது உயர் நீதிமன்றம் கூறிற்று. மின்சாரத் துறைக்கு 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும், 2025இல் அதற்கு வந்த திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தன. உற்பத்தி ஒருவர், கடத்தல் ஒருவர், வலையை ஆள்பவர் ஒருவர் என்றாகும்போது, மறுகரைக்காரருடன் ஒப்பந்தம் செய்பவர் இவருள் யார், கட்டணத்தைச் சரிபார்க்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கை அவர்மேல் எட்டுமா என்பது சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கவேண்டும். அதைப் பாராளுமன்றத்தில் வைத்து விவாதிப்பதே முறை. உடன்படிக்கை மறைவில் எழுதப்பட்டால், நல்ல வாசகமும் கெட்ட வாசகம்போலவே ஐயத்துக்கு ஆளாகும்.

இறுதியாக மானியைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்னாளிலே சென்னையில் புகைவண்டி ஏறியவர், தனுக்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு சேர ஒரே பயணச்சீட்டுப் போதுமாயிருந்தது. 1914 முதல், 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுக்கோடி அழியும்வரை அந்த வழி இருந்தது. சீட்டுப் பணத்தில் எந்தத் தொலைவுக்கு எந்த நிருவாகம் உரிமையுடையது என்பதை இரு பக்கத்தாரும் முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தமையால் பயணிக்குத் தொல்லை இல்லை. மின்சாரத்துக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். கம்பியிலும் மாற்றி நிலையங்களிலும் ஒரு பகுதி வெப்பமாகிக் கழியும். மானி மதுரையில் இருந்தால் அந்தக் கழிவு வாங்குபவர் தலையில். மன்னாரில் இருந்தால் விற்பவர் தலையில்.

2024 ஒக்டோபர் 3ஆம் நாள் நேபாளமும் இந்தியாவும் பங்களாதேசமும் செய்துகொண்ட முத்தரப்பு ஒப்பந்தத்தை இதற்குப் பார்க்கலாம். 40 மெகாவாட், மழைக்காலத்தில் ஐந்து மாதங்கள், ஓர் அலகுக்கு 6.4 அமெரிக்கச் சதம். சிறிய ஒப்பந்தந்தான். ஆனால் மானி இந்திய மண்ணில் முசாபர்பூரில் என்று தெளிவாக எழுதினார்கள். அதுவரையுள்ள கழிவு நேபாளத்தைச் சேர்ந்தது. நேபாளம் ஏற்றுக்கொண்டது, விற்பனை நடந்தது. நாம் வாங்குவோராயும் விற்போராயும் இருக்கப்போவதால், இருகரையிலும் மானி வைத்து, கழிவைப் பாதிபாதியாகப் பங்கிடுவது தகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் மின்கணக்கு நாளைப் பதினைந்து நிமிடக் கூறுகளாகப் பிரித்தே எழுதப்படுகிறது. நாளொன்றுக்கு 96 கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் இவ்வளவு தருவேன், இவ்வளவு பெறுவேன் என்று முன்னாளே அறிவிக்கவேண்டும். சொன்னதினின்று விலகினால் தண்டம். இணைப்பு வந்தபின் நம் பக்கத்து அலுவலரும் அந்தக் கணக்குக்குள் நுழையவேண்டியவரே. தில்லையடியிலும் நாடெங்கிலும் வீட்டு விளக்குகள் ஒருங்கே எரியத் தொடங்கும் மாலை ஏழு மணி, அந்தப் பட்டியலில் 77ஆவது கூறு. நமக்கு மின்சாரம் மிகத் தேவைப்படும் கூறு அதுவே. தவறிச் சொன்னால் தண்டம் மிகுதியாகக் கட்டக்கூடிய கூறும் அதுவே.